கோபப்படத் தெரியாத முனி

1

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவுக்கு இரண்டு கிடா வெட்டப் போகிறார்கள். சுருட்டு, பூசணிக்காய், ஒரு பெட்டி ஸ்டவுட் பீர் எல்லாம் தனி. அழைப்பிதழ் நேற்று வாட்ஸப்பில் வந்தது. அப்பா உயிரோடிருந்த காலத்தில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பண்ருட்டிச் சுவரெல்லாம் ‘கடவுள் இல்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தவர். கோயில் சுண்டலைக்கூட வாங்கித் தின்னமாட்டார். அப்படிப்பட்டவருக்கு மலேசியாவில், கெடா மாநிலத்தில், ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இந்த மரியாதை நடக்கிறது. செத்தவர் எழுந்து வந்து மறுப்பு அறிக்கை விடமாட்டார் என்கிற தைரியம்தான்.

நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது. அப்பாவின் தோழர்களில் இரண்டு மூன்று பேர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். வேறு யார் மூலமாவது விஷயம் போய்ச் சேர்ந்தால், மகன் மலேசியாவுக்குப் போய் அப்பனைச் சாமியாக்கிவிட்டான் என்று கூட்டம் போட்டுத் திட்டுவார்கள். திட்டட்டும். முழுக்கதையையும் தெரிந்துகொண்டு திட்டட்டும்.

நான் கோயில் ஓவியன். கோபுரத்துக்கு வண்ணம் அடிப்பது, சுதையில் சாமி உருவம் பிடிப்பது, இரண்டும் என் தொழில். அப்பா சுவரெழுத்துக்காரர். கட்சிக்காரர், பனியன் கம்பெனிக்காரர், மூல வைத்தியர் என்று யார் கூப்பிட்டாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவார். கோயில் திருவிழா விளம்பரத்துக்கு மட்டும் போகமாட்டார். பிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலில் மண்ணை அள்ளிப் போட்டதும் நான் பிழைப்புக்காகக் கோபுர வேலையில் சேர்ந்தேன். வீட்டில் பெரிய ரகளை நடக்கும் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அப்பா பிரஷ்ஷைப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தார். அதை எடுக்காமலே பேசினார்.

“போடா. சாமின்னு ஒண்ணு இருந்திருந்தா போட்டோ புடிச்சு மாட்டியிருப்பானுங்க. இல்லாததாலதான் உன்னைக் கூப்புட்டு வரையச் சொல்றானுங்க. உன் வேலைக்கு என்னைக்கும் ஆபத்து இல்ல.”

கலையைப் பற்றி நான் கேட்டதிலேயே நல்ல பேச்சு அதுதான். பிறகு பெரிய பெரிய ஆட்கள் மேடையில் பேசியும் கேட்டிருக்கிறேன். கொட்டாவிதான் வந்தது.

2

சுங்கைப் பட்டாணியில் ஒரு கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்க ஒப்பந்தத்தில் வந்தேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் கடைக்குக் கடை பட்டாணி வறுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மலாயில் பெத்தானி என்றால் விவசாயியாம். வந்து இறங்கிய அன்று வறுத்த பட்டாணி கேட்டு ஒரு சீனர் கடையில் நான் நின்ற கோலத்தை இன்றைக்கும் என் மனைவி தேவி சொல்லிச் சிரிப்பாள். அவள் அந்தக் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண். சாரத்தின் மேலிருந்து நான் அவளைப் பார்த்தேன், கீழேயிருந்து அவள் என்னைப் பார்த்தாள், கோபுரத்தில் ஒரு துவாரபாலகருக்கு இரண்டு கையும் வெவ்வேறு நிறமாகிவிட்டது. இன்னமும் அப்படித்தான் நிற்கிறார்.

கல்யாணம் முடிந்து விசாவுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் என்ன தொழில் என்று கேட்டாள். நெஞ்சை நிமிர்த்தி “ஆர்ட்டிஸ்ட்” என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரியையும் கூப்பிட்டாள். “லாகு ஆப்பா?” என்று இருவரும் ஆவலாகக் கேட்டார்கள். என்ன பாட்டு என்று அர்த்தம். இந்த நாட்டில் ஆர்ட்டிஸ்ட் என்றால் பாடகன், டிவியில் வருகிறவன். தேவி சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். நான் காற்றில் பிரஷ் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினேன். “ஓ, துக்காங் சாட்” என்று சொல்லி அந்தப் பெண் சப்பென்று ஆகிவிட்டாள். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அதையே தட்டச்சு செய்தாள். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்கு அத்தனை மகிழ்ச்சி. “ஏதோ ஒரு கவர்மெண்டாவது உண்மையை எழுதியிருக்கு” என்றார்.

எங்களுக்கு ஒரே மகள், தர்ஷினி, ஐந்தாம் படிவம், நம் ஊர்ப் பதினோராம் வகுப்பு மாதிரி, படிக்கிறாள். பள்ளியில் மலாய், தோழிகளோடு ஆங்கிலம், என்னிடம் பேசும்போது மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுவாள். அவளும் வரைவாள். டேப்லட்டில், முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும் ஜப்பான் பொம்மைப் பெண்களை. நான் அஜந்தா பற்றிப் பேச ஆரம்பித்தால் காதில் எதையோ செருகிக்கொள்வாள். ஒருநாள் அவள் வரைந்த படத்தைப் பார்த்து, கண்ணை ஏன் இவ்வளவு பெரிதாகப் போடுகிறாய் என்று கேட்டேன். “ஒங்க மாரியம்மனுக்கு மட்டும் சின்னதாவா இருக்கு?” என்றாள். அவள் பாட்டனின் பேத்திதான்.

இங்கே கோயில் கமிட்டியோடு வேலை செய்வது ஒரு தனிக் கலை. அம்மனை இன்னும் வெள்ளையாக்கு என்பார்கள். முருகனுக்குப் போனில் ஒரு நடிகரின் படத்தைக் காட்டி, இந்த மாதிரி என்பார்கள். பணம் போட்டவரின் மீசை எப்படியாவது காவல் தெய்வத்தின் முகத்துக்கு வந்து சேர வேண்டும். நானும் எத்தனையோ லாரி முதலாளிகளை மதுரை வீரனாக்கியிருக்கிறேன். அதெல்லாம் தெரிந்து செய்தது. அப்பா விஷயம் அப்படியில்லை.

3

கூலிம் போகிற வழியில் இரண்டாம் டிவிஷன் என்று ஒரு தோட்டம் இருந்தது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது, செம்பனையில் பாதி போய் வீடமைப்பு வந்தது, லயத்து வரிசை வீடுகளின் ஜனங்கள் டவுனுக்கும் தொழிற்சாலைக்குமாகக் கலைந்து போனார்கள். முனீஸ்வரர் மட்டும் இடம் மாறவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போய் எந்த அடுக்குமாடியில் வைப்பது? தகரக் கொட்டகைக்குக் கீழே, அரிவாளும் சுருட்டுமாக, ஒரு காலை மடித்து உட்கார்ந்திருந்தார். கலைந்துபோனவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை காடி எடுத்துக்கொண்டு வந்து அவரைப் பார்ப்பார்கள். அங்கே காரைக் காடி என்றுதான் சொல்வார்கள்.

ஒரு புயல் மழையில் பக்கத்து மரத்தின் கிளை முறிந்து கொட்டகையோடு அவர் முகத்தில் விழுந்தது. மூக்கிலிருந்து மோவாய் வரை போய்விட்டது. சாமியைக் கலசத்தில் இறக்கி வைத்துவிட்டு, முகம் புதிதாகப் பிடித்து, உடம்புக்கெல்லாம் வண்ணம் அடித்து, கும்பாபிஷேகம் செய்வதென்று முடிவானது. கமிட்டித் தலைவர் மணியம் என்னைக் கூப்பிட்டார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரிடம் பேசினாலும் எதிரே ஒரு லாரி வருகிற மாதிரி சத்தமாகப் பேசுவார்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான். பழைய முனிய பாத்தா சின்னப் புள்ளைங்க சிலுவாருல ஒண்ணுக்குப் போயிரும். அந்தக் கோவம் வேணும்.”

முனி முகம் எனக்குக் கைவந்த வேலை. புருவத்தை ஏற்றி, கண்ணைப் பிதுக்கி, மூக்கு நுனியை விடைக்க விட்டால் கோபம் தானாக வந்துவிடும். எத்தனையோ செய்தாயிற்று. அதனால் அதிகம் யோசிக்காமல்தான் சுதையைப் பூசினேன். கரண்டி ஒரு பக்கம் வேலை செய்ய, மனம் எங்கெங்கோ போய்வந்தது. முகம் முடிந்தது. மணியம் வந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பின்னால் நகர்ந்து பார்த்தார்.

“கோச்சுக்காதீங்க லா. மொகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பயம் வரல. இவர பாத்தா ‘வா, தே தாரே குடிக்கலாம்’னு கூப்புடுவாரு போல இருக்கு.”

புருவத்தை இன்னும் ஏற்றினேன். ஆச்சரியப்படுகிறவர் மாதிரி ஆனார். கண்ணோரத்தில் சிவப்பைக் கூட்டினேன். கண்வலி வந்தவர் மாதிரி ஆனார். கோரைப்பல் வைத்தேன். வெற்றிலை குதப்புகிறவர் மாதிரி இருந்தது. என்ன செய்தாலும் அந்த முகம் ஏதோ ஒரு சிரிப்பை உதட்டோரத்தில் வைத்துக்கொண்டு, யாராவது வாயைக் கொடுக்கட்டும் என்று காத்திருந்தது. ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த தர்ஷினி பார்த்துவிட்டு, “அப்பா, ஒங்க முனி மாச்சாம் நாக் கெலாக்” என்றாள். சிரிக்கப் போகிற மாதிரி இருக்கிறாராம். எனக்கு வந்தது கோபம். அதில் கொஞ்சத்தை முனிக்குக் கொடுக்க முடிந்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

4

கண்டுபிடித்தது தேவி. அவள் கூலிம் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். ஒருநாள் இரவு ஷிப்டு முடிந்து காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து தோட்டத்து முனையில் இறங்கி, எனக்குப் பசியாற ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு வந்தாள். மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினேன். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“என்னங்க, இது மாமா இல்ல?”

“எந்த மாமா?”

“ஒங்க அப்பாங்க. வாய பாருங்க.”

பார்த்தேன். அப்பா வாழ்நாளெல்லாம் ஏணியில் ஏறும்போது பிரஷ்ஷைப் பல்லில் குறுக்காகக் கவ்வியே ஏறியவர். அதனால் அவர் உதட்டின் இடது ஓரம் சற்றே மேலே இழுத்துக்கொண்டு நிற்கும். எதிரில் நிற்பவருக்கு, இந்த ஆள் நம்மைக் கிண்டல் செய்கிறார் என்றே தோன்றும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அந்த உதடு அங்கே இருந்தது. முனியின் சுருட்டு, பிரஷ் இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மாமனாரை நேரில் ஒரே ஒருமுறை பார்த்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. பிடித்து வைத்த எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. நோன்புப் பெருநாள் விடுமுறை வேறு. அது கைக்கு வந்து, நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முடிந்திருந்தது என்றால், எதுவுமே மிச்சமில்லாமல். உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டார். சுடுகாடு இல்லை, சாம்பல் இல்லை, காரியம் இல்லை. போட்டோவுக்கு மாலை போடக்கூடாது என்று அம்மாவிடம் முன்பே சத்தியம் வாங்கியிருந்தார். “செத்தப்புறம் பல்லை இளிச்சுக்கிட்டு ஆணியில தொங்க நம்மால ஆகாது” என்பாராம். கொள்கைக்கு அவர் கொடுத்த மரியாதை எனக்குப் புரிந்தது. ஆனாலும் அழுவதற்கு ஒரு திசையாவது வேண்டாமா? நான் அந்த வீட்டில் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துவிட்டு, மூன்றாம் நாள் விமானம் ஏறினேன்.

திரும்பி வந்த பிறகு அவரை வரைய எத்தனையோ முறை உட்கார்ந்தேன். அத்தனை சாமிக்கு முகம் கொடுத்த கைக்கு அப்பன் முகம் வரவில்லை. பென்சிலை எடுத்தாலே மூக்கு அந்நியமாகிவிடும். ஒரு படம் பழைய நடிகர் மாதிரி வந்தது, இன்னொன்று யாரோ தாசில்தார் மாதிரி வந்தது. கிழித்துப் போட்டேன். நினைத்து வரைந்தபோது வராத ஆள், நினைக்காமல் சுதை பூசியபோது வந்து உட்கார்ந்துகொண்டார். அதுவும் போயும் போயும் சாமி முகத்தில். கூப்பிட்ட இடத்துக்கு வராமல், கூப்பிடாத இடத்துக்கு வருவதுதான் அவர் குணம்.

ரொட்டி சானாய் ஆறிப்போனது. “இத மாத்திராதீங்க” என்று தேவி சொன்னாள். மாற்றக்கூடாது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அதுவரை வராத கோபத்தை வரவழைக்கப் பாடுபட்டவன், அந்த நிமிஷத்திலிருந்து அதை வரவிடாமல் தடுக்க வேண்டியவனானேன்.

ஒரே ஒரு வழி இருந்தது. கண் திறப்பு. கோயில் வேலையில் முகம் எல்லாம் முடிந்தாலும் கருவிழி மட்டும் வைக்கமாட்டோம். கும்பாபிஷேகத்தன்று விடியற்காலையில் திரை போட்டு, செய்தவனே ஏறி, கடைசியாக அதை வைக்க வேண்டும். கண் திறந்துவிட்டால் அது பொம்மை இல்லை, சாமி. அதற்குப் பிறகு அந்த முகத்தில் பிரஷ், கரண்டி, விரல் எதுவும் படக்கூடாது. அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும், கிட்டத்தட்ட பன்னிரண்டு வருஷத்துக்கு, மணியம் நினைத்தாலும் மாற்ற முடியாது. அன்று வரை தாக்குப்பிடித்தால் அப்பா பிழைத்தார்.

5

மணியம் விடுகிறவராக இல்லை. தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து துணியை விலக்கிப் பார்ப்பார். “கோவம் வந்துச்சாண்ணே?” என்பார், கஞ்சி வெந்ததா என்று கேட்கிற மாதிரி. காய வேண்டும், இரண்டாவது பூச்சு இருக்கிறது, மழைக்காலம் என்று நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவர் போனை எடுத்துக் காட்டினார்.

“ஈப்போவுல ஒரு ஆளு இருக்காரு. ரெண்டே நாள்ல மொகத்த மாத்திக் குடுத்துருவாராம். ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிருங்க லா, நம்ப கூப்புட்டுக்கிறோம்.”

அன்று நான் சாப்பிடவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால், என்னவென்று சொல்வது? உங்கள் காவல் தெய்வத்தின் முகத்தில் நாத்திகரான என் அப்பா உட்கார்ந்திருக்கிறார், அவரை எழுப்பாதீர்கள் என்றா? ஒரு கல்லூரி அவர் உடம்பை வாங்கிக்கொண்டது. முகத்தையும் ஈப்போக்காரரிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி காய்கிற இடத்தில் நின்று அழுதேன். தேவி பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை பூஜைக்குக் கமிட்டி கூடியது. முகத்தைப் பற்றி முனியிடமே கேட்டுவிடுவது என்று மணியம் சொன்னார். அந்தத் தோட்டத்தில் முனி இறங்குவது சேகர் மேல். சேகருக்கு முப்பது வயதிருக்கும், தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சாமி கலசத்தில் இருக்கும்போது சேகர் மேல் எப்படி வரும் என்று அப்பா மாதிரி ஒரு கேள்வி என் நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

உடுக்கை வேகம் எடுத்தது. சேகர் உடம்பை உதறி எழுந்து, சுருட்டைப் பற்றவைத்து நாலு இழுப்பு இழுத்தான். மணியம் கைகட்டி நின்றார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“ஐயா, புது மொகம் ஒங்களுக்குச் சம்மதமா? கோவம் பத்தலன்னு ஜனங்க நினைக்குது.”

சேகர் துணியை இழுத்துப் போட்டான். கருவிழி இல்லாத அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு திரும்பினான்.

“எனக்கு எவன்டா கோவம்னு சொன்னது? கோவம் ஒங்களுக்கு. புருசன் பொண்டாட்டிக்குள்ள கோவம், அண்ணன் தம்பிக்குள்ள கோவம். அதெல்லாம் கொண்டாந்து என் மொகத்துல பூசி வச்சீங்க. இவ்ளோ காலம் மூஞ்சிய முறுக்கிக்கிட்டே ஒக்காந்து எனக்குக் கன்னம் வலிக்குதுடா. இருக்கட்டும் இது.”

கூட்டம் பொத்தென்று விழுந்து கும்பிட்டது. மணியமும் விழுந்தார். நானும் விழுந்தேன், என் பங்குக்கு.

எல்லாம் முடிந்து சேகர் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவனே சொன்னான்.

“தேவி அக்காவும் நம்பளும் ஒரே கம்பெனி பஸ்ஸுதாண்ணே. அன்னிக்கி அக்கா வழியெல்லாம் அழுதுச்சு லா.”

“அப்ப, பூஜையில பேசினது?”

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். “சாமி பேசுச்சா நான் பேசுனேனான்னு எனக்கே தெரியாது. கேக்காதீங்க. நம்பளுக்கும் ஒரு அப்பா இருந்தாருலா.”

தெய்வ வாக்கு கம்பெனி பஸ்ஸிலும் வரும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

6

கும்பாபிஷேகத்தன்று விடியலில் திரைக்குள் நான் மட்டும். ஏணியில் ஏற இரண்டு கையும் வேண்டியிருந்தது. மெல்லிய பிரஷ்ஷை என்ன செய்வதென்று தெரியாமல் பல்லில் கவ்விக்கொண்டேன். கவ்விய பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி உதட்டைக் கோணிக்கொண்டு எதிரெதிரே இருந்தோம். அப்பா சுருட்டோடு, நான் பிரஷ்ஷோடு.

கருவிழி வைத்ததும் அவர் என்னைப் பார்த்தார் என்றெல்லாம் எழுதமாட்டேன். அப்படி எழுதினால் அவரே வந்து அடிப்பார். பெயிண்ட் பெயிண்ட்தான். ஆனால் நான் அழுதேன். ஊருக்குப் போய் அழ முடியாததை எல்லாம் சேர்த்து அந்த ஏணியிலேயே அழுதேன். வெளியே நாதஸ்வரம் இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

குடமுழுக்கு முடிந்து கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்குப் போன நேரத்தில் தர்ஷினி பண்ருட்டிக்கு வீடியோ கால் போட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான் போட்டாள். “ஆச்சி, இங்க பாருங்க” என்று போனை முனி பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் அம்மா போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். திரையில் அவள் நெற்றி மட்டும்தான் இருந்தது.

“ஏன்டா, இது உங்கப்பனா?”

“ஆமாம்மா.”

“இந்த மனுசன் இங்க வூட்ல ஒரு வெளக்கு ஏத்த உட்டாரா? பொங்கலுக்கு ஒரு சூடம் கொளுத்த உட்டாரா? அங்க போயி மாலையும் கழுத்துமா ஒக்காந்துக்கினு ஆட்டுக்கறி கேக்குதா இவருக்கு?”

பக்கத்தில் மணியம் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எல்லாம் அவர் காதில் விழுந்துவிட்டது. என்னைப் பார்த்தார், முனியைப் பார்த்தார். கண் திறந்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

“ஒங்க அப்பாவாண்ணே?”

“ஆமா தலைவரே. சாமியே இல்லன்னு சொன்னவரு. கறுப்புச் சட்டைக்காரரு.”

மணியம் தாடையைச் சொறிந்தார். “முனிக்கும் கறுப்புத்தானே லா பிடிக்கும்” என்று சொல்லிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனார்.

போனில் அம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு நின்றுபோயிருந்தது. மகள் போனை ஆட்டாமல் பிடித்திருந்தாள்.

“அது கெடக்கட்டும். மூக்குக்கண்ணாடி எங்கடா?” என்றாள். “கண்ணாடி இல்லாம அந்த மனுசனுக்கு எதிர்ல நிக்கிற ஆளு தெரியாதே.”

கண் திறந்த முகத்தில் கை வைக்க முடியாதே என்று அம்மாவுக்கு விளக்க முயன்றேன்.

7

மறுவாரம் தர்ஷினி பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அலைந்து ஒரு கண்ணாடி வாங்கி வந்தாள். தடித்த கறுப்புச் சட்டம். பாட்டனை அவள் கண்டது போனில் மட்டும்தான், ஆனால் அச்சாக அதே சட்டம். “இதுதான் இப்ப டிரெண்டு பா” என்றாள். முகத்தில் மாட்டக் கூடாது என்பதால் முனியின் காலடியில் வைத்தோம். அப்பாவைத் தெரிந்தவர்கள் மூன்று பேர் நின்று வைத்துவிட்டு வந்தோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த ஓர் அம்மா அதைப் பார்த்திருக்கிறார். இங்கே கண்ணாடி காணிக்கை போலிருக்கிறது என்று நினைத்து வேண்டிக்கொண்டார். ஆபரேஷன் நன்றாக நடந்தது. நடத்தியவர் ஒரு நல்ல டாக்டர். ஆனால் அந்த அம்மா தன் பழைய கண்ணாடியைக் கொண்டுவந்து முனியிடம் வைத்தார். அடுத்த மாதம் காலடியில் ஒரு வரிசை. இப்போது ஜனங்கள் கண்ணாடி முனி என்றே சொல்கிறார்கள். பாலிங்கிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வாழ்நாள் முழுக்க அற்புதம், மகிமை எல்லாவற்றையும் மேடை போட்டுக் கிழித்தவர் இன்று கெடாவில் அற்புதம் செய்துகொண்டிருக்கிறார்.

மணியம் ஒரு பெட்டி செய்து, அதன் மேல் ஏதாவது எழுதித் தரச் சொன்னார். நான் நன்றாக யோசித்து, அப்பா சுவரில் எழுதுவாரே அதே கட்டை எழுத்தில், கறுப்பும் சிவப்புமாக எழுதினேன்: ‘தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளலாம்.’ காணிக்கையை எப்படி எடுக்கலாம் என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். முனி சும்மா உட்கார்ந்து உதட்டோரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது வைப்பவர்களும் இருக்கிறார்கள், எடுத்துப் போட்டுப் பார்த்து, எதிரே நிற்பவர் தெளிவாகத் தெரிகிறாரா என்று சோதித்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்பாவின் எழுத்து கோயிலுக்குள் போனது இதுவே முதல் தடவை.

நேற்று அழைப்பிதழ் வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கிடா, பீர், கண்ணாடிப் பெட்டி, பாலிங்கிலிருந்து வருகிற ஜனங்கள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“எல்லாரும் சொல்றதைக் காது குடுத்துக் கேக்குறாராமா?”

“கேக்குறாராம்மா.”

“அப்ப என் முட்டி வலியையும் ஒரு வார்த்தை சொல்லி வை. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து நான் சொன்ன எதையும் காதுல வாங்காத மனுசன்தான். இருந்தாலும் சொல்லி வை.”

ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டுக்கு முன்பாகவே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். வெட்டிய பிறகு அவரிடம் கூட்டம் அதிகமாகிவிடும்.